இணைய நிரலாக்கப் பள்ளி: ‘ஆள்’ என்ற கிளாஸிலிருந்து தொடங்கலாமா?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து தமிழில் நிரலாக்கம் சொல்லித்தர ஓர் இணையப் பள்ளி தொடங்குகிறோம். முதலில் பைத்தான், அடுத்து டேட்டாபேஸ், பிறகு வெப். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்து பாலிடெக்னிக்கிலும் கலைக்கல்லூரியிலும் படிக்கிற பிள்ளைகள். பலரிடம் லேப்டாப் கிடையாது, போன்தான்.

பாடம் எழுதுகிற வேலை நன்றாகப் போகிறது. பள்ளியைத் தாங்கும் மென்பொருளை எப்படி வடிவமைப்பது என்பதில்தான் நிற்கிறோம். ஆப்ஜெக்ட் நோக்கில், அதாவது விவரத்தையும் அதை வைத்துச் செய்யும் வேலையையும் ஒன்றாகக் கட்டிய ஆப்ஜெக்ட்களாகப் பிரித்து, வரைந்து பார்த்தோம். கிளாஸ் என்பது ஒரு வகை, ஆப்ஜெக்ட் அந்த வகையில் ஒன்று. மேலே ‘ஆள்’ என்று ஒரு கிளாஸ், அதன் கீழ் மாணவர், ஆசிரியர், நிர்வாகி. ‘பாடம்’ கிளாஸின் கீழ் பைத்தான் பாடம், வெப் பாடம். ‘பயிற்சி’யின் கீழ் கொள்குறி வினா, நிரல் பயிற்சி, புராஜெக்ட். மாணவரிடம் பாடங்கள் இருக்கும், பாடத்துக்குள் பயிற்சிகள் இருக்கும்.

பள்ளி ஓட ஆரம்பித்த பிறகு இந்த வடிவமைப்பையே எடுத்துக்காட்டாக வைத்து மாணவர்களுக்கு ஆப்ஜெக்ட் ஓரியன்டட் சிந்தனையைச் சொல்லித்தர வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதனால் ஒப்பேற்றாமல் ஒழுங்காகச் செய்ய நினைக்கிறோம். படத்தில் என்ன குறை தெரிகிறது?

---

மதகு எழுதியது:

நல்ல முயற்சி. குறை முதல் கோட்டிலேயே இருக்கிறது.

உங்கள் முதல் பேட்ச்சில் பைத்தானை நன்றாக முடித்த ஒரு பெண், அடுத்த பேட்ச்சுக்கு வழிகாட்டியாக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் டேட்டாபேஸ் பாடத்தில் அவர் மாணவி. இப்போது அவர் எந்த கிளாஸ்? ஜாவாவிலோ சி++-இலோ ஓர் ஆப்ஜெக்ட் பிறந்த பிறகு தன் கிளாஸை மாற்றிக்கொள்ள முடியாது. இரண்டு ஆப்ஜெக்ட் உருவாக்கினால் ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு, இரண்டு பாஸ்வேர்டு, இரண்டு வரலாறு. ‘மாணவ ஆசிரியர்’ என்று மூன்றாவது கிளாஸ் போட்டால், நாளை நிர்வாகியும் ஒரு பாடம் படிக்க வருவார்.

படித்தவர் திரும்பி வந்து சொல்லித்தருவதுதான் இந்த மாதிரிப் பள்ளிகளுக்கு உயிர். அதற்கே உங்கள் படத்தில் இடம் இல்லை.

---

பொருநைக்கரை எழுதியது:

புரிகிறது அண்ணா. அப்படியென்றால் ‘ஆள்’ ஒன்றே போதும், அதற்குள் ‘பொறுப்புகள்’ என்று ஒரு பட்டியல் வைத்துவிடலாமா? மாணவர், வழிகாட்டி, நிர்வாகி என்று எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

---

மதகு எழுதியது:

பட்டியல் பாதி வழிக்குத்தான் வரும். ‘வழிகாட்டி’ என்று ஆளின் மேல் ஒட்டிவிட்டால் அவர் எந்த பேட்ச்சுக்கு வழிகாட்டி? டேட்டாபேஸ் பேட்ச்சில் தன்னோடு படிப்பவர்களின் விடைத்தாளையும் அவர் திறந்து பார்த்துவிடலாமே.

இணைய வகுப்பு நடத்தப் பயன்படும் மூடில் மென்பொருளைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்ட்டின் டோகியாமாஸ் தொடங்கியது, முதல் பதிப்பு 2002-இல் வந்தது. பெயரின் விரிவிலேயே ‘ஆப்ஜெக்ட் ஓரியன்டட்’ உண்டு. அதில் மாணவருக்கு ஓர் அட்டவணை, ஆசிரியருக்கு ஓர் அட்டவணை என்று கிடையாது. பயனர் ஒரே அட்டவணை. 2006-இல் வந்த 1.7 பதிப்பில் பொறுப்பை இடத்தோடு சேர்த்தார்கள். இந்த ஆள், இந்தப் பொறுப்பு, இந்த இடத்தில் என்று மூன்றும் சேர்ந்தது ஒரு பதிவு. இடம் என்பது முழுத்தளமாக இருக்கலாம், ஒரு பாடமாக இருக்கலாம், பாடத்துக்குள் ஒரே ஒரு வினாத்தொகுப்பாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் படத்தில் மாணவர் என்ற பெட்டியும் பாடம் என்ற பெட்டியும் இருக்கின்றன, நடுவில் வெறும் கோடு. அந்தக் கோடுதான் மிக முக்கியமான ஆப்ஜெக்ட். அதன் பெயர் ‘சேர்க்கை’. எப்போது சேர்ந்தார், எதுவரை வந்தார், கட்டணத்தில் சலுகை உண்டா, பாதியில் நின்றாரா, திரும்பி வந்தாரா என்பதெல்லாம் மாணவருக்கும் சொந்தமில்லை, பாடத்துக்கும் சொந்தமில்லை. சேர்க்கைக்குச் சொந்தம்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

கல்லூரியில் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் பாடம் நடத்துகிற ஆசிரியை நான். மதகு சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் எனக்கு ஒரு குறை. இதுவரை எல்லாரும் பெட்டிகளைப் பற்றியே பேசுகிறோம். யார், என்ன, யாரிடம் என்ன இருக்கிறது என்றே போகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை ஃபார் லூப்பில் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரலில்) மாட்டிக்கொண்டு நிற்கும்போது என்ன நடக்கும் என்று படத்தில் எங்கேயாவது இருக்கிறதா?

இந்தச் சிந்தனைக்கு இரண்டு ஊற்றுக்கண் உண்டு. ஒன்று ஆஸ்லோ. நார்வே கணிப்பு மையத்தில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67. பெயருக்கேற்றபடி, வெளியுலகில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்க்கப் பிறந்த மொழி அதன் முன்னோடி. வாடிக்கையாளர், கவுன்ட்டர், வரிசை என்று உலகத்தில் இருப்பதைப் பார்த்து மாதிரி செய்வது அந்த வழி. உங்கள் படம் அங்கிருந்து வருகிறது.

இன்னொன்று அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் 1970-களில் ஆலன் கே குழு செய்த ஸ்மால்டாக் மொழி. கே கணிதத்தோடு மூலக்கூறு உயிரியலும் படித்தவர். உயிரணுக்கள் மாதிரி ஒவ்வொன்றும் தன் உள்விவரத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு, செய்தி மூலமாக மட்டும் மற்றதோடு பேச வேண்டும் என்பது அவர் கண்ட வழி. 1998-இல் ஸ்குவீக் (ஸ்மால்டாக்கின் ஒரு வடிவம்) குழுவுக்கு எழுதிய மடலில், ‘ஆப்ஜெக்ட்’ என்று பெயர் வைத்ததற்கே வருந்தினார். அந்தப் பெயரால் எல்லாரும் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள், பெரிய விஷயம் செய்திதான் என்பது அவர் வாதம்.

பள்ளிக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். பள்ளி என்றால் ஒருவர் கேட்பதும் இன்னொருவர் பதில் சொல்வதும்தான். முதலில் செய்திகளை எழுதுங்கள். ‘நான் மாட்டிக்கொண்டேன்’, ‘இதைப் பார்த்துச் சொல்லுங்கள்’, ‘அடுத்ததுக்குப் போகலாமா’, ‘ஒரு வாரமாக ஆளைக் காணோம்’. ஒவ்வொன்றையும் யார் அனுப்புகிறார், யார் வாங்கிக்கொள்கிறார், எவ்வளவு நேரத்துக்குள் பதில் வர வேண்டும் என்று பாருங்கள். கிளாஸ் தானாக அமையும்.

இதற்கு ஒரு நல்ல பயிற்சியும் உண்டு. கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்ஹாமும் 1989-இல் சொன்ன சிஆர்சி (கிளாஸ், பொறுப்பு, துணை) அட்டை. சின்ன அட்டையில் மேலே பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்பு, வலப்பக்கம் யார் துணை வேண்டும் என்பது. நான்கு பேரும் ஆளுக்குச் சில அட்டைகளை எடுத்துக்கொண்டு, ஒரு மாணவர் பயிற்சியை அனுப்புவதிலிருந்து நடித்துப் பாருங்கள். ஒரே அட்டையில் எழுத இடம் போதவில்லை என்றால் அது தன் வேலைக்கு மேல் செய்கிறது என்று தெரிந்துவிடும். கணினியைத் தொடவே வேண்டாம்.

---

ஒற்றைக்கோப்பு எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை. முப்பது பேர் சேரப்போகிற பள்ளிக்கு இவ்வளவு எதற்கு? ஒரு கூகுள் ஷீட், ஒரு வாட்ஸ்அப் குழு, வாரம் இரண்டு நேரலை வகுப்பு. முதல் பேட்ச்சை நடத்துங்கள். என்ன தேவை என்பது அப்போது தெரியும். சொல்லித்தரத் தெரிந்தவர்கள் மென்பொருள் கட்டுவதிலேயே காலத்தைச் செலவழித்தால் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

முதல் பேட்ச்சை ஷீட்டிலேயே நடத்துவதில் எனக்கு மறுப்பே இல்லை. அட்டை போட்டு நடித்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். அதை முடித்துவிட்டு ஷீட்டைத் திறந்தால் அதில் என்ன நெடுவரிசை வேண்டும் என்பதே மாறும். ‘மதிப்பெண்’ என்று மட்டும் போடாமல் ‘கடைசியாக யார் பதில் சொன்னது, எப்போது’ என்றும் போடுவீர்கள்.

---

தாழையடி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட பக்கத்திலும் இப்பிடி ஒரு முயற்சியில கொஞ்சக் காலம் நிண்டனான். அதனால ‘பயிற்சி’ எண்ட கிளாஸைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

கொள்குறி வினா, நிரல் பயிற்சி, புராஜெக்ட் மூண்டும் ‘பயிற்சி’யின்ர பிள்ளையள் எண்டு வரைஞ்சிருக்கிறியள். மூண்டுக்கும் ‘மதிப்பிடு’ எண்ட ஒரே மெத்தட் (ஆப்ஜெக்ட் செய்யிற வேலை) இருக்கும், கூப்பிட்டால் புள்ளி வரும் எண்டுதானே எண்ணம்? கொள்குறி வினா உடன பதில் சொல்லும். நிரல் பயிற்சிக்குச் சில வினாடி. புராஜெக்ட்டை ஒரு மனுசர் இருந்து வாசிக்க வேணும், மூண்டு நாள் எடுக்கும், சிலவேளை ஒரு கிழமை. கூப்பிட்ட நிரல் அதுவரைக்கும் காத்திருக்குமோ? இல்லாட்டில் பூச்சியத்தைத் திருப்பி அனுப்புமோ? பூச்சியம் அனுப்பினால், புராஜெக்ட் அனுப்பிப்போட்டு ஆவலோட திறந்து பார்க்கிற பிள்ளைக்கு ‘0’ எண்டு தெரியும். அந்தப் பிள்ளை பிறகு வராது.

கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் 1987-இல் பேசின பேச்சில சொன்ன விதி இதுதான். தாய் கிளாஸ் இருக்கவேண்டிய இடத்தில பிள்ளை கிளாஸை வைச்சால், அதைப் பாவிக்கிற நிரலுக்கு எந்த ஏமாற்றமும் வரக்கூடாது. பேர் ஒண்டு, மெத்தட் ஒண்டு எண்டால் மட்டும் காணாது, குடுத்த வாக்கும் ஒண்டாக இருக்க வேணும்.

அதால ‘மதிப்பிடு’ புள்ளியைத் திருப்பித் தரக்கூடாது. ‘ஒப்படைப்பு’ எண்ட ஆப்ஜெக்டைத் தர வேணும். அதுக்கு ஒரு நிலை இருக்கும்: வந்திட்டுது, ஓடிக்கொண்டிருக்கு, ஆள் பார்க்கவேணும், திருத்தி அனுப்பச் சொல்லியாச்சு, முடிஞ்சுது. கொள்குறி வினா உடன கடைசி நிலைக்குப் போகும், புராஜெக்ட் ஆறுதலாகப் போகும். ரெண்டும் ஒரே வாக்கைக் காப்பாற்றும்.

மூடிலின்ர வினாப் பொறியை 2011-இல வந்த 2.1 பதிப்புக்காக பிரித்தானிய ஓபன் யுனிவர்சிட்டியின் டிம் ஹண்ட் திருப்பி எழுதினவர். அதில வினாவின்ர வகை வேற, அது நடந்துகொள்ளுற விதம் வேற எண்டு பிரிச்சிருக்கு. ஒரே கொள்குறி வினாவை, கடைசியில மட்டும் விடை காட்டுற மாதிரியும் வைக்கலாம், பிழைச்சால் குறிப்புக் குடுத்துத் திருப்பிச் செய்ய விடுற மாதிரியும் வைக்கலாம். கட்டுரை வினாவுக்கு என்ன விதத்தைத் தெரிஞ்சாலும் அது ‘ஆள் திருத்தவேணும்’ எண்ட நிலைக்குத்தான் போகும். இன்ஹெரிட்டன்ஸால, அதாவது தாய் கிளாஸின்ர தன்மையைப் பிள்ளை கிளாஸ் எடுக்கிற முறையால, இதைச் செய்யப் போனால் வகையையும் விதத்தையும் பெருக்கிற அளவுக்கு கிளாஸ் முளைக்கும். ரெண்டையும் சேர்த்துப் பொருத்துற கம்போசிஷன்தான் இஞ்சை வழி.

---

பொருநைக்கரை எழுதியது:

நேற்று மாலை நால்வரும் அட்டை போட்டு உட்கார்ந்தோம். மாணவர் பயிற்சி அனுப்புவதில் தொடங்கினோம். ‘ஆசிரியர்’ அட்டை உடனே நிரம்பி வழிந்தது. பாடம் எழுதுவது, நேரலை நடத்துவது, திருத்துவது, மாட்டிக்கொண்டவருக்குக் குறிப்புச் சொல்வது, காணாமல்போனவரைக் கூப்பிடுவது எல்லாம் அதே அட்டையில். நிஜத்திலும் இவை அனைத்தும் எங்களில் ஒருவர் தலையில்தான் விழுந்துகொண்டிருக்கிறது. அட்டையைப் பிரித்தபோது வேலையும் பிரிந்தது.

கடைசியில் மேஜையில் நின்ற அட்டைகளில் இரண்டை மட்டும் தட்டச்சிடுகிறேன்.

சேர்க்கை: எங்கே இருக்கிறேன், அடுத்து என்ன என்று தெரியும். நின்றால், திரும்பினால் தன் நிலையை மாற்றிக்கொள்ளும். துணை: பேட்ச், ஒப்படைப்பு.

உதவிக் கோரிக்கை: எந்தப் பயிற்சியில், எந்த வரியில் மாட்டினார் என்று வைத்திருக்கும். பதில் வரும்வரை மூடாது. நேரம் கடந்தால் அடுத்த வழிகாட்டிக்குத் தானே போகும். துணை: சேர்க்கை, வழிகாட்டிச் சுற்று.

‘உதவிக் கோரிக்கை’ எங்கள் பழைய படத்தில் இல்லவே இல்லை. இப்போது மொத்தப் பள்ளியிலும் எனக்கு மிகப் பிடித்த ஆப்ஜெக்ட் அதுதான்.

ஒரு சந்தேகம். பைத்தான் பாடம் என்பது கிளாஸ், ஜூலை பேட்ச் அதன் ஆப்ஜெக்ட். இது சரிதானே? வீட்டு வரைபடமும் கட்டிய வீடும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே.

---

மதகு எழுதியது:

அந்த உவமை வகுப்பறைக்கு நல்லது. அதை அப்படியே நிரலில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். புதிதாக ஒரு பாடம் சேர்க்க ஒவ்வொரு தடவையும் புது கிளாஸ் எழுதி நிரலை மறுபடி வெளியிட வேண்டிவரும். பாடம் எழுதுபவர் நிரலாளரின் கையை எதிர்பார்த்தே இருப்பார்.

‘பாடம்’ ஒரு கிளாஸ். ‘பைத்தான் அடிப்படை’ அதன் ஓர் ஆப்ஜெக்ட். ‘பேட்ச்’ வேறொரு கிளாஸ். ‘ஜூலை பேட்ச்’ அதன் ஆப்ஜெக்ட், ‘பைத்தான் அடிப்படை’யைச் சுட்டும். அவ்வளவுதான். உங்கள் பைத்தான் பாடம், வெப் பாடம் என்ற பெட்டிகள் இரண்டுமே போய்விடும்.

சுட்டும்போது பதிப்பையும் சேர்த்துச் சுட்டுங்கள். ஜூலை பேட்ச் நான்காம் வாரத்தில் இருக்கும்போது நீங்கள் மூன்றாம் வாரப் பயிற்சியைத் திருத்துவீர்கள், நிச்சயம் திருத்துவீர்கள். ஏற்கெனவே முடித்தவரின் மதிப்பெண் அதனால் ஆடக்கூடாது. ஓடுகிற பேட்ச் தான் தொடங்கிய பதிப்போடு இருக்கட்டும், எழுத்துப்பிழைத் திருத்தம் மட்டும் உள்ளே போகலாம்.

---

முதல்வரி எழுதியது:

நான் பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு. இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். பாதி இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். நான் போனில்தான் பைத்தான் படித்தேன், அதனால் ஒன்று கேட்கிறேன்.

நான் நிரலைப் பாதியில் விட்டது லாஜிக் புரியாததால் இல்லை. சிவப்பு எழுத்தில் ‘இன்டென்டேஷன் எரர்’ என்று நான்கு வரி ஆங்கிலம் வரும். எந்த வரியில் பிழை என்று கண்டுபிடிப்பதற்குள் போன் திரையில் மேலும் கீழும் நகர்த்தியே சலித்துவிடும். பக்கத்தில் கேட்க ஆள் இருந்தால் பத்து நொடியில் சொல்லிவிடுவார்கள், ‘இரண்டாவது வரி உள்ளே தள்ளி இருக்கணும்’ என்று. இதை உங்கள் பள்ளியில் எந்த ஆப்ஜெக்ட் செய்யும்?

---

தாழையடி எழுதியது:

தம்பி, இந்த இழையிலயே முக்கியமான கேள்வி இதுதான்.

நிரலை ஓட்டுற பகுதியில கை வைக்காதேங்கோ. அது பைத்தான் சொன்னதை அப்பிடியே சொல்லட்டும். அதுக்கு மேல ‘விளக்குநர்’ எண்டு ஒரு உறை. உள்ளுக்க இருக்கிற ஆப்ஜெக்ட் என்ன மெத்தட்டுக்குப் பதில் சொல்லுமோ அதே மெத்தட்டுக்கு உறையும் பதில் சொல்லும், ஆனால் வாற செய்தியைப் பார்த்து, தெரிஞ்ச பிழையெண்டால் மேல தமிழில ரெண்டு வரி சேர்க்கும். டெக்கரேட்டர் எண்டு சொல்லுறது இதைத்தான். தெரியாத பிழையெண்டால் உள்ளதை மாற்றாமல் விடும். ஆங்கிலச் செய்தியை மறைக்கக்கூடாது. நாளைக்கு வேலைத்தளத்தில அந்தச் செய்திதான் வரும், அதை வாசிக்கவும் பழக வேணும்.

ஒரே பிழை மூண்டு தரம் வந்தால் அந்த உறையே உதவிக் கோரிக்கையைத் திறக்கலாம். பிள்ளை வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்தாலும் ஆள் வந்து சேரும்.

---

மதகு எழுதியது:

நிரலை ஓட்டும் பகுதியை நீங்களே எழுத வேண்டாம். வெளியாள் எழுதிய நிரலை உங்கள் சர்வரில் ஓட்டுவது ஆபத்தான வேலை. முடிவில்லாத லூப் ஒன்று போதும், சர்வர் படுத்துவிடும். நேர வரம்பு, நினைவக வரம்பு, இணையத் தொடர்பைத் துண்டித்தல் எல்லாம் வேண்டும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு லாப் உருவாக்கிய கோட்ரன்னர் என்ற மூடில் செருகுநிரல் இருக்கிறது. மாணவரின் நிரலை ஜோப் என்ற தனிச் சர்வருக்கு அனுப்பி, அங்கே வரம்புக்குள் ஓட்டி, விடையை வாங்கிவரும். ஜோப்பை வேறு மெஷினில் வையுங்கள்.

பாடத்துக்கே பயன்படும் ஒன்றும் அதில் உண்டு. கோட்ரன்னரில் புது வினாவகை உருவாக்க யாரும் கிளாஸ் எழுத வேண்டாம். ஒரு வினாவை முன்மாதிரியாகச் சேமித்தால் மற்ற வினாக்கள் அதிலிருந்து தம் தன்மையை எடுத்துக்கொள்ளும். கிளாஸ் இல்லாமல் ஆப்ஜெக்டிலிருந்து ஆப்ஜெக்ட் வருகிற முறை. ஜாவாஸ்கிரிப்ட் நடத்தும்போது மாணவர்களுக்கு இதைத் திறந்து காட்டலாம்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

பொருநைக்கரை முதலில் சொன்ன ஆசையைப் பற்றி. பள்ளியின் வடிவமைப்பையே பாடமாக்குவது அருமை. ஆனால் கிளாஸ் என்றால் என்ன என்று ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகளுக்கான ஸ்கிராட்ச் நிரல்மொழியில் ஒரு பொம்மை ‘பிராட்காஸ்ட்’ (எல்லாருக்கும் ஒரு செய்தி) செய்ய இன்னொரு பொம்மை அதைக் கேட்டு நகர்வதை முதல் நாளே காட்டுங்கள். ஸ்கிராட்ச்சின் முதல் பதிப்புகள் ஸ்மால்டாக் வழியில் வந்த ஸ்குவீக்கில்தான் எழுதப்பட்டவை, அந்தப் பிறப்பு அதில் தெரியும். பிறகு பிள்ளைகளுக்கு உதவிக் கோரிக்கையைக் காட்டுங்கள், அவர்களே அனுப்பியிருப்பார்கள். தங்கள் செய்தி எந்த ஆப்ஜெக்டிடம் போய், எந்த நிலையில் நின்று, யாரிடம் சேர்ந்தது என்று தொடர்ந்து பார்க்கட்டும்.

பைத்தான் 3-இல் மாறிகளுக்கும் மெத்தட்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கிளாஸ், டெஃப் போன்ற மொழியின் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும். இந்த மாதிரியைத் தமிழ்ப் பெயர்களோடு எழுதிக் காட்டுங்கள். ‘சேர்க்கை’ என்று படிக்கிற பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியிராது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாணவர் என்ற ஆப்ஜெக்டை மாணவர் என்று நம்பிவிடாதீர்கள். நம்மிடம் இருப்பது அவரைப் பற்றிய நம் குறிப்பு மட்டும். ‘பத்து நாளாகச் செயல்படவில்லை’ என்று ஆப்ஜெக்ட் சொல்லும். அறுவடையா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, ரீசார்ஜ் செய்யக் காசில்லையா என்று சொல்லாது. அதனால் ‘நின்றவர்’ என்ற நிலைக்கு மென்பொருள் தானாக மாற்றவே கூடாது. ஒரு மனிதர் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் மாற்றலாம் என்று அந்த மெத்தட்டிலேயே கட்டாயம் வையுங்கள். யார் பேசினார் என்று கொடுக்காவிட்டால் அது ஓடவே கூடாது.

---

ஒற்றைக்கோப்பு எழுதியது:

கடைசிப் பத்தியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அதை ஷீட்டிலும் செய்யலாம், ‘யார் பேசினார்’ என்ற நெடுவரிசை காலியாக இருந்தால் வரிசை சிவப்பாகட்டும். முதல் பேட்ச்சுக்கு நானும் வாரம் இரண்டு மாலை வழிகாட்டியாக வருகிறேன்.

---

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சொந்தமாகக் கட்டும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டோம். மூடிலும் கோட்ரன்னரும் வைத்து முதல் பேட்ச். நாங்கள் எழுதப்போவது இரண்டே ஆப்ஜெக்ட், உதவிக் கோரிக்கையும் விளக்குநரும். இரண்டும் மூடிலில் நாங்கள் தேடிய வடிவில் இல்லை, இரண்டும் எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும்.

விளக்குநருக்குத் தொடக்க மாணவர்கள் அடிக்கடி பார்க்கும் பிழைகளின் பட்டியல் தேவை. பிழையின் பெயர், அது வரவைக்கும் சின்ன நிரல், தமிழில் இரண்டு வரி. பெரியவர்கள் எழுதினால் பாடப்புத்தகம் போல ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது. முதல்வரி, உங்களால் முடியுமா தம்பி?

---

முதல்வரி எழுதியது:

முடியும் அண்ணா. இன்டென்டேஷன், நேம் எரர், மேற்கோள்குறி மூடாதது, நம்பரையும் எழுத்தையும் கூட்டுவது, இந்த நான்கையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி இங்கேயே போடுகிறேன். என் ஹாஸ்டல் நண்பர்களிடம் படிக்கக் கொடுத்து, புரிகிறது என்று சொன்னதை மட்டும் போடுகிறேன்.